ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் முடியவில்லை

தமிழ்நாட்டில் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்காரும் உரிமை சட்டப்படி உண்டு. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டப்பேரவையில் அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று புதிதாக ஒரு பிரிவு சேர்ந்தது. அது கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். எல்லாப் பணியாளர்களுக்கும் ஏற்ற இருக்கை வசதி கடையில் இருக்க வேண்டும். வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் உட்காரலாம். வேலை நேரம் முழுக்கக் காலிலேயே நிற்கும் நிலை வரக் கூடாது.

சட்டம் வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. மதுரையில் நான் போகிற பல கடைகளில் ஸ்டூலும் வந்துவிட்டது. அதில் யாராவது உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதுதான் அபூர்வம். ஸ்டூல் மேல் தண்ணீர் பாட்டில் இருக்கும், மடிக்காத சுடிதார் செட் இருக்கும், பில் புத்தகம் இருக்கும். பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருப்பாள்.

பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் சில வருஷம் வேலை பார்த்தவள் நான். இப்போது கடைகளுக்குக் கணக்கும் பதிவேடும் எழுதித் தரும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். அன்றைக்குக் கவுண்டருக்கு உள்ளே நின்று பார்த்த அதே கடைகளை இன்றைக்கு முதலாளியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. ஸ்டூல் வாங்கிப் போடுவதோடு முதலாளியின் பொறுப்பு முடிவதில்லை. ‘ஆள் இல்லாதபோது உட்காருங்கம்மா’ என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எல்லார் காதிலும் விழும்படி. அவர் சொல்லாதவரை அந்த ஸ்டூல் சாமான் வைக்கத்தான் உதவும்.

நிற்பது எப்படியிருக்கும் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கடை ஒன்பதரைக்குத் திறக்கும். ஒன்பதுக்கே உள்ளே இருக்க வேண்டும். தரை துடைத்து, முந்தின ராத்திரி அவசரத்தில் அள்ளிப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கி, சாமி படத்துக்குச் சூடம் காட்டி முடிக்கும்போது முதல் கஸ்டமர் படியேறி வந்துவிடுவார். ராத்திரி ஷட்டர் இறங்க ஒன்பதரை ஆகும். தீபாவளி நேரத்தில் பதினொன்று. பட்டுச்சேலை செக்‌ஷனில் செருப்புப் போடக் கூடாது, வெறுங்காலில்தான் கிரானைட் தரையில் நிற்க வேண்டும். ஏசி குளிர் தரை வழியாகவே ஏறும். மதியத்துக்கு மேல் பாதம் மரத்துப்போகும். அப்போது ஒரு காலை மடக்கி, குதிகாலைப் பின்னால் இருக்கிற ரேக்கின் அடிப்பலகையில் முட்டுக்கொடுத்து நிற்போம். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த கால். அந்த அடிப்பலகையில் வரிசையாகக் குதிகால் பட்ட இடமெல்லாம் பெயின்ட் போய் மரம் தெரியும். அடுத்த தடவை சேலை எடுக்கப் போகும்போது கொஞ்சம் எட்டிப் பாருங்கள், தெரியும்.

உட்காரவே வழியில்லையா என்றால், திருட்டுத்தனமாகச் சில வழிகள் இருந்தன. கீழ்த்தட்டில் ஏதோ தேடுவதுபோலக் குத்தவைத்து உட்காருவது. ஸ்டாக் எடுக்கப் போன இடத்தில் பேல் மூட்டைமேல் சாய்வது. பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது. கேமரா வந்தபிறகு முதல் வழி போயிற்று. கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற திரையில் பார்த்துவிட்டு, ‘மூணாம் கவுண்டர்ல என்ன தேடுற?’ என்று இன்டர்காமில் கேட்பார்கள்.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருத்தர் எங்கள் செக்‌ஷனில் இருந்தார். எங்களைவிடப் பத்து வயசு மூத்தவர், ஒரு நாள் வயிற்றுவலி தாங்காமல் துணிக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். செக்‌ஷனில் அந்த நேரம் ஒரு கஸ்டமர்கூட இல்லை. ஃப்ளோர் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

‘என்னம்மா, விருந்துக்கா வந்திருக்க?’

‘இல்ல சார், கொஞ்சம் வயித்துவலி...’

‘வலின்னா லீவு போட்டுட்டு வீட்ல இருக்கணும். உட்கார்றதுக்குக் கடையில சம்பளம் கிடையாது.’

அக்கா எழுந்துவிட்டார். அந்த மாதச் சம்பளத்தில் அபராதம் எதுவும் பிடிக்கவில்லை, அதற்கு மேல் யாரும் அவரைத் திட்டவும் இல்லை. ஆனால் அதைப் பார்த்த நாங்கள் எல்லாரும் அன்றைக்குப் படித்துக்கொண்டோம். அதற்கப்புறம் எங்களை யாரும் தடுக்கவே வேண்டியிருக்கவில்லை. ஸ்டூல் பக்கத்திலேயே இருந்தது, மேல் ரேக்கிலிருந்து பெட்டி எடுக்க ஏறி நிற்பதற்கு. அதில் உட்காரலாம் என்ற நினைப்பே எங்களுக்கு வராமல் போயிற்று.

உடம்பில் இது என்ன செய்யும் என்பதை டாக்டர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறார்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து காலில் இருக்கிற ரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் அந்த வேலை நடக்காது. ரத்தம் கீழேயே தேங்கும், நரம்பு என்று நாம் சொல்கிற ரத்தக்குழாயில் இருக்கிற வால்வுகள் தளர்ந்துபோகும். நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாக வெளியே தெரிய ஆரம்பிக்கும். வெரிகோஸ் வெயின் என்கிறார்களே, அதுதான். அதோடு குதிகால் வலி, இடுப்பு வலி, ராத்திரி படுக்கும்போது கால் வீக்கம். சேலை கட்டுவதால் இந்தக் கால்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. ஹாஸ்டலில் ராத்திரி சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகப் படுத்திருப்போம். இருபது வயசுப் பெண்கள்.

இன்னொன்றும் உண்டு, அதைப் பெண்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். பாத்ரூம் மேல் மாடியில் இருக்கும். போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். ஆண்கள் நாலு பேர் நிற்கிற இடத்தில் போய்க் கேட்பதற்குப் பதில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வோம். நீர்க்கடுப்பு வராத ஆள் எங்கள் செக்‌ஷனில் இல்லை. உட்காருவதும் பாத்ரூமும் எனக்கு வேறு வேறு பிரச்சினையாகத் தெரிந்ததே இல்லை. இரண்டிலுமே தன் உடம்புக்கு வேண்டியதை இன்னொருத்தரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

கேரளாவில், கோழிக்கோட்டில் உட்காரும் உரிமைக்கான போராட்டம் தொடங்கியதும் பாத்ரூமில்தான். அங்கே மிட்டாய்த் தெரு என்றொரு பெரிய கடைவீதி இருக்கிறது. அந்தக் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. தையல் வேலை பார்த்த பி. விஜி என்பவர் அந்தப் பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை உண்டாக்கினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள். அது கிடைத்தபிறகு உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். 2014 டிசம்பர் கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை பார்த்த பெண்கள் ஆறு பேர் கடைக்கு வெளியே போராட்டத்தில் இறங்கினார்கள். அது நூறு நாளுக்கு மேல் நீடித்தது. கேரளா முழுக்க அதை ‘இரிக்கல் சமரம்’, அதாவது உட்காரும் போராட்டம், என்று பேசினார்கள். கடைசியில் 2018-இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. அந்த வருஷம் பிபிசி வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இருந்தது.

தமிழ்நாட்டுக்கு அது வர இன்னும் மூன்று வருஷம் ஆனது. நம் ஊரில் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு 2019-இலேயே இதை ஏற்றுக்கொண்டது, மசோதா வந்தது 2021-இல். கேரளாவில் பெண்கள் தெருவில் உட்கார்ந்து வாங்கியது நமக்குச் சட்டப்பேரவை வழியாகவே வந்து சேர்ந்தது. அது நல்லதுதான், நான் மனசாரச் சந்தோஷப்பட்டேன். ஆனால் கேட்டு வாங்கிய உரிமைக்கும் தானாக வந்த உரிமைக்கும் கடைக்குள் வித்தியாசம் தெரிகிறது. இங்கே முக்கால்வாசிப் பெண்களுக்கு அப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது. நான் சொல்லி முதன்முதலில் கேட்டவர்கள், ‘நிஜமாவாக்கா?’ என்றுதான் கேட்டார்கள்.

இன்னொரு விஷயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44-ஆம் பிரிவு இருந்தது. நின்றே வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்களுக்கு, வேலைக்கு நடுவில் ஓய்வெடுக்க வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு செய்து தர வேண்டும் என்று அதில் அப்போதே எழுதிவிட்டார்கள். அந்தச் சேலையை மில்லில் நெய்தவருக்கு 1948-இல் கிடைத்த உரிமை, அதையே கடையில் விரித்துக் காட்டுகிறவளுக்கு 2021-இல் கிடைத்திருக்கிறது. 73 வருஷம். இங்கிலாந்தில் இதற்கும் முன்னாலேயே, 1899-இல், கடையில் வேலை பார்க்கும் பெண்கள் மூன்று பேருக்கு ஓர் இருக்கை வீதம் போட வேண்டும் என்று தனிச் சட்டமே போட்டார்கள். யாருக்கும் தெரியாத புது யோசனை இல்லை இது.

சரி, நின்றுகொண்டு வியாபாரம் செய்வதுதான் நம் வழக்கம் என்றாவது சொல்ல முடியுமா? முடியாது. என் பாட்டியோடு சின்ன வயசில் போன ஜவுளிக்கடை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். உள்ளே மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருப்பார்கள். கஸ்டமரும் உட்காருவார்கள், துணி எடுத்துக் காட்டுகிறவரும் எதிரே சம்மணம் போட்டு உட்காருவார். திண்டில் சாய்ந்து முதலாளி கல்லாப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். ஒரு பையன் மட்டும் உள்ளிருந்து கட்டுக் கட்டாக எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பான். சேலையை மடிமேல் வைத்து முந்தியை விரித்துக் காட்டுவதற்கு உட்கார்ந்திருப்பதுதான் வசதியும்கூட. இன்றைக்கும் பழைய கடைவீதிகளில் அப்படிப்பட்ட கடைகள் மிச்சம் இருக்கின்றன. யாரும் அதை மரியாதைக்குறைவாக நினைத்ததில்லை.

மாடி மாடியாகக் கட்டி, கண்ணாடி வைத்து, கவுண்டர் போட்டபோதுதான் கஸ்டமரும் எழுந்தார், விற்கிறவளும் எழுந்தாள். கஸ்டமர் அரை மணி நேரத்தில் போய்விடுவார். சோர்ந்துபோனால் அவருக்கு நாற்காலியும் ஜூஸும் வரும். விற்கிறவள் பன்னிரண்டு மணி நேரம் அங்கேயே நிற்கிறாள். உட்காருவது மரியாதைக்குறைவு என்பதெல்லாம் அந்தக் கவுண்டரோடு வந்ததுதான். ஜெர்மனியில் சூப்பர்மார்க்கெட் கல்லாவில் இருப்பவர்கள் உட்கார்ந்தேதான் பில் போடுகிறார்கள். அங்கே வியாபாரம் எதுவும் குறைந்துவிடவில்லை.

இப்போது முதலாளிகள் பக்கம் வருகிறேன். பதிவேடு எழுதப் போகிற இடங்களில் வாய்ப்புக் கிடைத்தால் இதை நான் பேசாமல் விடுவதில்லை. ஒரு கடையில் அண்ணாச்சி சொன்னார்:

‘ஏம்மா, நான் சின்னப் பையனா சித்தப்பா கடையில நின்னப்ப யாரு எனக்கு ஸ்டூல் போட்டா? நின்னுதான் இந்தக் கடைக்கு வந்தேன்.’

‘அதான் அண்ணாச்சி, உங்களுக்குத்தான் அந்த வலி தெரியும். நீங்களே உட்காரச் சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவா?’

அவர் பதில் சொல்லவில்லை, பேச்சை மாற்றிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கடைப் பெண்ணின் அப்பா இறந்தபோது கையில் பணம் கொடுத்து வண்டி பிடித்து அனுப்பியவர். ஆனால் அது அவர் மனசு வைத்துக் கொடுத்தது. மனசு வராத நாளில் கேட்டாலும் கிடைக்க வேண்டியதைத்தான் உரிமை என்கிறோம். நம் ஊர் முதலாளிகளில் பலர் கொடுப்பதற்குத் தயங்குவதே இல்லை. தீபாவளிக்குத் துணி, கல்யாணத்துக்கு மொய், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் எல்லாம் வரும். பதிவேட்டில் ஏறுகிற மாதிரி எதையாவது கேட்டால்தான் முகம் மாறுகிறது. கேட்டவளை நன்றி கெட்டவளாகப் பார்க்கிறார்கள். இது எனக்கு ரொம்ப வருத்தம் தருகிற விஷயம்.

உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள், கஸ்டமர் வந்தால் எழுந்திருக்க மாட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கிற யாரும் தூங்குவதில்லையே. திண்டுக்கல் பக்கம் ஒரு ரெடிமேட் கடையில் இதைச் செய்து பார்த்தார்கள். பெரிய செலவு எதுவுமில்லை. ஒவ்வொரு கவுண்டருக்கும் பின்னால் சுவரில் மடக்குப் பலகை அடித்தார்கள், இறக்கினால் இருக்கை, தூக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். உயரமாக அடித்திருப்பதால் உட்கார்ந்தாலும் முகம் கவுண்டருக்கு மேல் தெரியும். கஸ்டமர் உள்ளே வந்தால் ஒரு நொடியில் எழுந்துவிடலாம். அதைவிட முக்கியம், முதலாளியம்மாவே முதல் வாரம் ஒவ்வொரு மாடியாகப் போய், ‘சும்மா இருக்கும்போது உட்காருங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க’ என்று சூப்பர்வைசர்களை வைத்துக்கொண்டே சொன்னார். அப்புறமும் இரண்டு மூன்று நாள் யாரும் உட்காரவில்லையாம். அவரே ஒரு பெண்ணின் தோளைப் பிடித்து உட்கார வைத்தபிறகுதான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.

அந்த அம்மாவுக்கு அதில் லாபமும் இருக்கிறது, அதை அவர் மறைக்கவில்லை. துணி விற்கப் பழகிய ஒரு பெண்ணை உருவாக்க ஒரு சீசன் முழுக்க ஆகும். உள்ளே வருகிறவரின் முகத்தைப் பார்த்து எந்த விலையில் காட்டலாம், யாருக்காக எடுக்கிறார்கள், கூட வந்தவர்களில் முடிவு சொல்வது யார் என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். பழகிய பெண் கால்வலி தாங்காமல் ஊருக்குப் போய்விட்டால் புதுப் பெண்ணுக்கு முதலிலிருந்து சொல்லித் தர வேண்டும். பலகை அடித்தபிறகு பெண்கள் பாதியில் வேலையை விடுவது குறைந்திருக்கிறது என்கிறார்.

உட்காருவது ஒன்றுதான் உரிமை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதே 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கடை ஊழியருக்கு என்னென்னவோ இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் போனால் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். தொடர்ந்து 4 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேரமாவது இடைவேளை விட வேண்டும். சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் கொடுத்துவிட்டு மணியடிக்கிற கடைகளுக்கு இது தெரியாமல் இல்லை. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு அடுத்த வருஷம் 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு. அது போக உடம்பு சரியில்லாவிட்டால் 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள். கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்க 2019-இல் அரசு அனுமதி கொடுத்தது. அது கடைக்குக் கொடுத்த அனுமதி. ஒருத்தரையே நாள் முழுக்க நிறுத்தி வைப்பதற்கு இல்லை.

நான் எழுதுகிற பதிவேடுகளில் இந்த எட்டு மணி நேரம் அழகாக இருக்கும். எந்தக் கடையின் வருகைப் பதிவேட்டை எடுத்தாலும் உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும் ஒரே மாதிரி இருக்கும், இடைவேளையும் சரியாக விட்டிருக்கும். கடைப் பெண்கள் அதில் கையெழுத்துப் போடுவார்கள், எதில் போடுகிறோம் என்று பார்க்காமலே. இதைப் படிக்கிற யாராவது கடையில் வேலை பார்த்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் வந்து போகிற நேரத்தைத் தனியாக ஒரு நோட்டில் தினமும் எழுதி வையுங்கள். போனில் வேண்டாம், நோட்டில் எழுதுங்கள். பின்னால் ஒருநாள் ஓவர்டைம் கேட்க வேண்டி வந்தால் அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

கேட்டால் வேலையைவிட்டு நிறுத்திவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. அதற்கும் சட்டத்தில் 41-ஆம் பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரைத் தகுந்த காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது. ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம். நிறுத்தியது தவறு என்று மேல்முறையீடும் செய்யலாம். நடைமுறையில் கடைக்காரர்கள் எழுத்தில் கொடுத்து நிறுத்துவதில்லை, ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று வாய்மொழியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பெண்ணுக்கு அது வேலையும் போய், படுக்கிற இடமும் போவது. ராத்திரி பத்து மணிக்கு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நிற்க எந்தப் பெண் துணிவாள்? கடையும் விடுதியும் ஒரே ஆள் கையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஹாஸ்டலில் இருந்தவர்கள்தான் உணர்வார்கள். விடுதி வசதி கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. வேலை போனாலும் இத்தனை நாள் தங்கலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடை என்றால் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். வெரிகோஸ் வெயினுக்கு அங்கே சிகிச்சை உண்டு. டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுத்தால், தகுதியுள்ளவர்களுக்கு வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். என்னோடு வேலை பார்த்த பலர் சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தத்தைப் பார்த்திருக்கிறார்களே தவிர, அந்தக் கார்டைக் கையால் தொட்டதில்லை. கால் நரம்பு சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போய், நகையை அடகு வைத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டவரை எனக்குத் தெரியும். அவருடைய ஈ.எஸ்.ஐ. எண் கடையின் கம்ப்யூட்டரில் அப்போதும் இருந்தது.

வாங்கப் போகிற நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சூப்பர்வைசர்கள் உட்கார விடாததற்குச் சொல்கிற முதல் காரணம் கஸ்டமர்தான். ‘பில் போடுற பொண்ணு உட்கார்ந்துட்டே போடுது’ என்று மேனேஜரிடம் சொல்கிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். அதனால் நான் கடைக்குப் போனால் சத்தமாகவே சொல்வேன், ‘நீ உட்கார்ந்துட்டே எடுத்துக் காட்டும்மா, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.’ சூப்பர்வைசர் காதில் விழட்டும் என்றுதான் சொல்வது. சில பெண்கள் சிரித்துவிட்டு நின்றே காட்டுவார்கள். சிலர் திரும்பி கேமராவைப் பார்ப்பார்கள். நிறையப் பேர் இப்படிச் சொல்ல ஆரம்பித்தால் கஸ்டமரைக் காரணம் காட்டுவதாவது நிற்கும். வாசலில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணன்களுக்கும் இதையே சொல்லலாம். அறுபது வயசுக்கு மேல் இருக்கும் அவர்களில் பாதிப் பேருக்கு.

சட்டத்தில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறதே, அந்த வாய்ப்பு வந்துவிட்டது என்று முடிவு செய்வது யார்? தொழிலாளியா, சூப்பர்வைசரா? கஸ்டமர் இல்லாத நேரத்தில் ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் வாய்ப்பு வந்ததே இல்லை என்று ஆகிவிடும். எங்கள் கடையில் அதுதான் நடந்தது. செக்‌ஷன் காலியாக இருந்தால் ஏற்கெனவே மடித்த சேலையைப் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்வார்கள். விதிகளில் இதைத் தெளிவாக எழுத வேண்டும். இத்தனை மணி நேரத்துக்கு இத்தனை நிமிஷம் கட்டாயம் உட்கார வேண்டும் என்று இருக்கலாம். மடிப்பது, ஸ்டிக்கர் ஒட்டுவது, ஸ்டாக் எழுதுவது போன்ற வேலைகளை உட்கார்ந்தே செய்யலாம் என்று இருக்கலாம். இருக்கை கவுண்டருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மாடியில் எங்கோ ஓய்வறையில் போட்டுக் கணக்குக் காட்டக் கூடாது என்றும் வேண்டும்.

அப்புறம் ஆய்வு. புகார் கொடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு மாவட்டத்திலும் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம் இருக்கிறது, அமலாக்கப் பிரிவு என்று கேட்டால் காட்டுவார்கள். நான் வேலை பார்த்த கடைக்கும் ஆய்வுக்கு வந்திருக்கிறார்கள். எப்போதும் காலை பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு வருவார்கள். அந்த நேரம் கடை காலியாக இருக்கும், எங்களை உட்காரச் சொல்லியிருப்பார்கள், பதிவேடு மேசைமேல் விரித்து வைத்திருக்கும். அவர்கள் வர வேண்டியது ஆடித் தள்ளுபடி நடக்கும்போதும், தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்திலும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வர வேண்டும். வந்து, கல்லாவுக்குப் போகாமல் நேராக மூன்றாவது மாடிக்கு ஏறி, காலையில் எத்தனை மணிக்கு வந்தாய், கடைசியாக எப்போது உட்கார்ந்தாய் என்று கவுண்டரில் நிற்கிற பெண்ணிடம் தனியாகக் கேட்க வேண்டும். கேட்கிறவர் ஒரு பெண் அதிகாரியாக இருந்தால் அவள் உள்ளதைச் சொல்வாள்.